டிப்போ கேட்டுக்கு உள்ளே சின்ன வயசுல போனவங்க இருக்கீங்களா? (ஆவடி, பட்டாபிராம் பக்கம்)

சைடிங் வீடு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன்.

எங்க வீடு பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் பக்கம். மூர்மார்க்கெட்ல இருந்து வர்ற சைடிங் லோக்கல் கடைசியா வந்து நிக்குமே, அங்க. அப்பா மிலிட்டரி டிப்போல ஸ்டோர்கீப்பர். சிவிலியன் வேலைதான், யூனிஃபார்ம் கிடையாது. முப்பத்தொரு வருஷம் சைக்கிள்லயே போயிட்டு வந்தார். போன பங்குனியில தவறிட்டார்.

காரியம் எல்லாம் முடிஞ்சு அவரோட டிரங்குப் பெட்டியை ஒழிச்சப்போ அடியில ஒரு பித்தளை டோக்கன் கிடைச்சது. நடுவுல ஓட்டை, நாலு இலக்க நம்பர், தேய்ஞ்சு தேய்ஞ்சு விளிம்பு கத்தி மாதிரி ஆயிடுச்சு. எம் பொண்ணு கையில வச்சுப் பார்த்துட்டு, "தாத்தா அங்க என்ன வேலைப்பா பார்த்தாரு?"ன்னு கேட்டா. சாமான் எடுத்துக் கொடுப்பார்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு வாக்கியம் சொல்ல எனக்குத் தெரியலை.

நான் உள்ளே போனது ஒரே ஒரு தடவை. 1984 ஆயுத பூஜை, எனக்கு எட்டு வயசு. கேட்ல டி.எஸ்.சி. (டிப்போ, ஃபாக்டரிக்குக் காவல் நிக்கிற மிலிட்டரி பிரிவு) ஜவான் ஒருத்தர், பெரிய நரைச்ச மீசை, அப்பாவைப் பார்த்து சிரிச்சார். கூட வந்த சித்தப்பா பாக்கெட்ல இருந்து தீப்பெட்டியை வாங்கி ஒரு தகர டப்பாவுல போட்டு, அவர் பேரைச் சீட்டுல எழுதி வச்சார். உள்ளே நுழைஞ்சா ரோடு ஒரே நேரா போகுது, ரெண்டு பக்கமும் வேப்பமரம், மரத்துக்கெல்லாம் இடுப்பு வரைக்கும் சுண்ணாம்பும் காவியும். அரைவட்டக் கூரை போட்ட ஷெட்டு வரிசையா. ஷெட்டு வாசல்ல சிவப்பு வாளி தொங்கும், உள்ள மணல். அந்த வாளிக்கு அடிப்பாகம் உருண்டையா இருந்தது. கீழ வச்சா கவிழ்ந்துடுமேன்னு அன்னிக்கு முழுக்க யோசிச்சேன்.

அப்பாவோட ஷெட்டுல ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் சிவப்பு பெயின்ட் அடிச்சிருந்தது. உள்ள வெளிச்சமே குங்குமக் கலர்ல இருக்கும். பூஜைக்காக அடிச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இரும்பு ரேக்கு, ஒவ்வொண்ணுலயும் நூல்ல கட்டின அட்டை. அட்டை முழுக்க அப்பாவோட கையெழுத்து. மளிகை லிஸ்ட் எழுதுற அதே கையெழுத்துதான், ஆனா இங்க ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. வீட்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன். அன்னிக்கு ஒவ்வொரு ரேக்கா நிறுத்தி, இது ஃபேன் பெல்ட்டு, இது சக்திமான் லாரியோட ஹோஸுன்னு எனக்கும் தம்பிக்கும் சொல்லிக்கிட்டே வந்தார். அவர் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதலும் கடைசியும்.

இன்னொண்ணு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டைக் கையிலயும் பேன்ட்லயும் வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்கும். துவைக்கிற அம்மா தினமும் திட்டுவாங்க. அது என்ன மாவுன்னு அவர் சொல்லவே இல்லை, நாங்களும் கேட்கலை.

உங்கள்ல யாராவது சின்ன வயசுல டிப்போவுக்கோ, ஃபாக்டரிக்கோ அப்பா அம்மாவோட போயிருந்தா எழுதுங்க. எல்லாத்தையும் சேர்த்து எம் பொண்ணுக்காக ஒரு நோட்டுல எழுதப் போறேன்.


எஸ்டேட் பொண்ணு:

அண்ணா, படிச்சதும் அழுகை வந்துடுச்சு. நான் எச்.வி.எஃப். எஸ்டேட்ல, அதான் ஆவடி டாங்கி ஃபாக்டரி குடியிருப்புல, பொறந்து வளர்ந்தவ. எங்க வீட்ல கடிகாரமே தேவைப்படலை. சங்குதான். முதல் சங்குக்கு அப்பா குளிச்சிருக்கணும், ரெண்டாவதுக்கு சைக்கிள் தெருமுனை தாண்டியிருக்கணும். சாயங்காலம் சங்கு ஊதினதும் ரோடு முழுக்க சைக்கிள். மணிச் சத்தம் மட்டும் கேட்கும், பேச்சுச் சத்தம் இருக்காது. அவ்வளவு களைப்பு.

எங்களுக்கும் ஆயுத பூஜைதான். கேட்டுக்கு வெளிய காலையிலேயே குடும்பம் குடும்பமா வரிசை. பட்டுப்பாவாடை, கனகாம்பரம், கையில பொரிப் பொட்டலம். இதையெல்லாம் கட்டிக்கிட்டு நாங்க போய் நிக்கிறது ஒரு பீரங்கி வண்டி முன்னாடி. விஜயந்தா! குழலுக்குக் குறுக்கே சந்தனம் மூணு பட்டை, நடுவுல குங்குமம், செயினுக்கு அடியில எலுமிச்சம்பழம். எங்க எல்லாருக்கும் அது சாமி மாதிரிதான் தெரிஞ்சுது.

அப்பா அசெம்ப்ளியில ஃபிட்டர். 1968ல சேர்ந்தார். விஜயந்தா இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனி டிசைன். ஆவடியில செஞ்ச முதல் வண்டி வெளிய வந்தது 1965 டிசம்பர்ல. 71 சண்டையில அந்த வண்டிங்க போச்சுன்னு அப்பா சொல்லும்போது, சொந்தப் பிள்ளையை அனுப்பின மாதிரி சொல்வார். மொத்தமா ரெண்டாயிரத்துக்கு மேல செஞ்சாங்க. எங்க ஸ்கூல் பேரே விஜயந்தா.

ஒரு வருஷம் என்னைத் தூக்கி மேல ஏத்தி விட்டார். இரும்பு வெயில்ல காய்ஞ்சு கொதிக்குது, அவரோட கைக்குட்டையை விரிச்சு அது மேல உட்கார வச்சார். உள்ள எட்டிப் பார்த்தா வெளியில பச்சை, உள்ள வெள்ளை பெயின்ட். அவ்வளவு பெரிய வண்டிக்குள்ள கால் நீட்ட இடமில்லை. "நாலு பேர் குடித்தனம் பண்ற வீடும்மா இது. ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் குண்டு போடணும், ஒருத்தன் சுடணும், ஒருத்தன் வழி சொல்லணும்"னார். பின்னாடி டி-72 டாங்கி வந்தப்போ அதுல மூணு பேர்தான், குண்டை மெஷினே எடுத்துப் போட்டுடும்னு சொல்லிட்டு, "ஒரு பையனுக்கு வேலை போச்சு"ன்னு வருத்தப்பட்டார். உண்மையாவே வருத்தம்தான்.


காக்கி நூல்:

எல்லாரும் அப்பாவைப் பத்தி எழுதுறீங்க. எங்க வீட்ல அம்மாதான் உள்ளே போனது. ஓ.சி.எஃப். ஆவடி, துணி ஃபாக்டரி. தையல்காரங்க. பீஸ் ரேட். எத்தனை உருப்படி முடிக்கிறாங்களோ அத்தனைக்குத்தான் காசு. அதனால தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்க யோசிப்பாங்க.

நான் போனப்போ எனக்குப் பத்து வயசு இருக்கும். ஹால்னா ஹால், ஒரு கோடியில நின்னா மறுகோடி தெரியாது. அன்னிக்குப் பூஜைங்கிறதால மெஷின் எல்லாம் நின்னிருந்தது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூ, ஒரு பொட்டு. அம்மா தன்னோட மெஷின் முன்னாடி என்னை உட்கார வச்சாங்க. பெடல் கிட்ட இரும்புல ஒரு பள்ளம், அவங்க வலது கால் கட்டைவிரல் படுற இடம். அதைத் தொட்டுப் பார்த்தேன், வழவழன்னு இருந்தது.

அவங்க தைச்சது காலர். காலர் மட்டும். ஒருத்தர் கை, ஒருத்தர் பாக்கெட், ஒருத்தர் காஜான்னு பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. அம்மா முழுச் சட்டை ஒண்ணுகூட அங்க தைச்சதில்லை. 1999ல கார்கில் சண்டை டிவியில ஓடும்போது, செய்தி வாசிக்கிறவங்க சொல்றதை விட்டுட்டு ஜவான்களோட கழுத்தையே பார்த்துக்கிட்டிருப்பாங்க. "அந்தப் பையன் போட்டிருக்கிற காலர் நம்ம லைன்ல போனதா இருக்கும்"னு சொல்வாங்க. ஒரு தடவை கொடி சுத்தின பெட்டியில ஒரு பையனைக் கொண்டு வந்தாங்க. அன்னிக்கு டிவியை அணைச்சுட்டு வெளிய போய் உட்கார்ந்துட்டாங்க.


லோக்கல் பையன்:

எல்லாருக்கும் ஒரு தகவல். ஆவடிங்கிறதே இங்கிலீஷ் சுருக்கம்தான். ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா. முதல் எழுத்துகளைச் சேர்த்தா ஆவடி. எங்க சார் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தார்.


திருநின்றவூர் பெரியவர்:

தம்பி, உங்கள் ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கதையை நான் ஒப்பமாட்டேன். கணக்கைப் பாருங்கள். டாங்கி ஃபாக்டரி வந்தது அறுபதுகளில். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே அது ஆவடி காங்கிரஸ்தான். ஊருக்கு அப்போதே அதுதான் பெயர். "சோஷலிச மாதிரி சமுதாயம்" தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. தேபர் தலைவர், நேரு வந்திருந்தார், காமராஜ் முதலமைச்சர். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். நேரு என்னவோ புள்ளி அளவுதான் தெரிந்தார். மனிதத் தலைகளும் புழுதியும்தான் நினைவில் நிற்கின்றன. ஊர்ப் பெயர் முன்னே, சுருக்கம் பின்னே. யாரோ கெட்டிக்காரர் பொருத்தி வைத்தது.

டிப்போ மட்டும் பழசு. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் இங்கே பெரிய முகாம் போட்டான். என் அப்பா அதில் தினக்கூலி. மண் சுமந்தார். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று மதராஸில் குண்டு போட்டுவிட்டுப் போனதே, அந்த நாட்களில் இராத்திரி விளக்குக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்களாம். சைடிங் வீட்டுத் தம்பி எழுதிய அரைவட்டக் கூரை ஷெட்டுகளைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அந்த மாதிரிக் கூரைத் தகட்டை இரண்டு பேராகத் தூக்குவார்களாம், காற்று அடித்தால் ஆளையே கொண்டுபோகுமாம்.


லோக்கல் பையன்:

ஐயா, 1955 கணக்கை யோசிக்கவே இல்லை. இருபது வருஷமா எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிட்டிருக்கேன். இனிமே சொல்ல மாட்டேன். உங்கப்பா மண் சுமந்த கதை இன்னும் தெரிஞ்சா எழுதுங்க ஐயா.


அருவங்காடு அக்கா:

நான் நீலகிரிங்க. ஆவடி இல்ல, ஆனா இங்க எழுதலாம்னு தோணுச்சு. எங்க தாத்தா, அப்பா ரெண்டு பேரும் அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி. 1904ல இருந்து ஓடுற ஃபாக்டரி அது. ஊட்டிக்கு ரயில் வர்றதுக்கு முன்னாடியே வந்தது. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் போடுற புகையில்லாத வெடிமருந்து செய்யற இடம். நூல் மாதிரி, கயிறு மாதிரி இழுத்து எடுப்பாங்க, அதனால அந்தப் பேருன்னு தாத்தா சொல்லுவாருங்க. காட்டேரி அருவித் தண்ணியில கரன்ட் எடுத்து ஃபாக்டரிக்குக் கொடுத்தாங்க.

சின்னதுல போனப்ப எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு. கட்டடம் எல்லாம் தள்ளித் தள்ளி தனித்தனியா இருக்கும், நடுவுல பெரிய பெரிய மண்மேடு, அது மேல புல்லு. பள்ளிக்கூடம் லீவுன்னா உருண்டு விளையாட நல்ல இடம்னு நினைச்சேன். ஒரு கட்டடம் வெடிச்சா அடுத்ததுக்குப் போகாம இருக்கிறதுக்குத்தான் அந்த மேடுன்னு அப்பா சொன்னது நான் காலேஜ் போனதுக்கப்புறம். கூரையை லேசாப் போடுறதும் அதுக்குத்தான், வெடிச்சா மேல போகட்டும்னு. உள்ள போற செருப்புல ஆணி இருக்கக் கூடாது. பொறி பறக்காத பித்தளைச் சாமான்தான். தாத்தா ரிட்டையர் ஆகி இருபது வருஷம் கழிச்சும், வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி சட்டைப் பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பார். தீப்பெட்டி இருக்கான்னு. பாட்டி அடுப்பு பத்த வைக்கறப்ப அவர் திண்ணைக்குப் போயிருவார்.

சங்கு நேரந்தப்பி ஊதினா ஊரே வாசலுக்கு வந்துரும். பொம்பளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்குவாங்க, பேச மாட்டாங்க.


துவாக்குடி:

திருச்சியில நாவல்பட்டு பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை. எங்க மாமா அங்க. செஞ்ச துப்பாக்கியை அனுப்புறதுக்கு முன்னாடி சுட்டுப் பார்ப்பாங்க. மாமா வீட்டுக்கு லீவுக்குப் போனா மத்தியானத் தூக்கத்துல அந்தச் சத்தம் கேட்கும். அத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்காருவேன்.

மார்ச் 18 படைக்கலத் தொழிற்சாலை தினம்னு பொருட்காட்சி வைப்பாங்க. 1802ல அதே தேதியில கல்கத்தா காசிப்பூர்ல முதல் ஃபாக்டரி ஓட ஆரம்பிச்சதுக்காக. அதுல மாமா ஒரு மேஜைக்குப் பின்னால வெள்ளைச் சட்டையில நின்னு வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கிட்டிருந்தார். அவரை வீட்ல லுங்கியிலதான் பார்த்திருக்கேன். வரிசையில நின்னு மத்தவங்க மாதிரியே போய்க் கேட்டேன். என்னைத் தெரியாத மாதிரியே, "சொல்லுங்க தம்பி"ன்னு முழுசா விளக்கினார். இப்பவும் நினைச்சா ரொம்பப் பெருமையா இருக்கும்.


ஏலத்து ஜோங்கா:

எங்க சித்தப்பா மெக்கானிக். கழிச்ச மிலிட்டரி வண்டிகளை ஏலம் விடுவாங்க, அதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போவார். மைதானம் முழுக்க வண்டி வரிசை. சக்திமான் லாரி, ஜோங்கா ஜீப், வாட்டர் டேங்கர். எல்லாம் ஜபல்பூர் ஃபாக்டரி வண்டிங்க. சக்திமான் ஜெர்மனி மேன் கம்பெனி டிசைன், ஜோங்கா ஜப்பான் நிசான். டயருக்கு நடுவுல ஆளுயரத்துக்குப் புல்லு முளைச்சிருக்கும், சில வண்டியில குருவிக் கூடு.

சித்தப்பா ஒரு ஜோங்கா எடுத்தார். நம்பர் பிளேட்ல மேல் நோக்கி ஒரு அம்பு இருக்குமே, அதைப் பத்தி அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அம்புக்கு அடுத்த ரெண்டு நம்பர் வண்டி எந்த வருஷம் வாங்கினதுன்னு சொல்லும். அதுக்கப்புறம் ரோட்ல எந்த மிலிட்டரி வண்டி போனாலும் வயசு கண்டுபிடிக்கிறதுதான் எனக்கு வேலை. பள்ளிக்கூடத்துல வேற யாருக்கும் இது தெரியாது, அந்த ஒரு விஷயத்துல நான் ராஜா.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பெயின்ட் மாத்துறது. அந்தப் பச்சைக் கலர் மிலிட்டரிக்கு மட்டும்தான், நம்ம வண்டிக்கு அடிக்க சட்டத்துல இடமில்லை. சித்தப்பா சுரண்டச் சுரண்ட பச்சைக்கு அடியில பச்சை, அதுக்கும் அடியில மண் கலர் ஒண்ணு. "ராஜஸ்தான் பக்கம் இருந்திருக்கும்டா இது"ன்னார். சரியான்னு தெரியாது, ஆனா அந்த மண் கலர் துணுக்கு ஒண்ணை ரொம்ப நாள் ஜியாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருந்தேன். பெட்ரோல் குடிக்கும், நாலு லிட்டர் எஞ்சின். கல்யாணம், சாவு, பிரசவம் எல்லாத்துக்கும் தெருவுக்கே அந்த வண்டிதான் போச்சு.


தேஹு ரோடு தமிழன்:

வணக்கம். நான் புனே பக்கம் தேஹு ரோடு. இங்கேயும் மிலிட்டரி டிப்போதான் ஊர். எங்க கொள்ளுத்தாத்தா வடஆற்காட்டில் இருந்து டிப்போ வேலைக்காக ரயில் ஏறி வந்தவர். அவரைப் போல நிறையக் குடும்பம். கடைத்தெருவில் இன்னும் தமிழில் விலை பேசலாம். ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் இங்கே வந்து புத்தர் சிலை நிறுவினார். பெரிய தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தார், வீட்டில் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் விளக்கேற்றுவோம்.

எனக்கு டிப்போ என்றால் சுவர்தான். வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் நீண்டு போகும் சுவர், மேலே முள்கம்பி. பந்து அந்தப் பக்கம் விழுந்தால் போனதுதான். ஒருநாள் காவலுக்கு இருந்தவர் ஏழு பந்துகளை ஒரு பையில் போட்டு எங்கள் தெருமுனையில் தொங்கவிட்டுப் போயிருந்தார். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.


கவனம்:

தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் பொது இடத்துல எழுதலாமா? பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்க.


ரிட்டையர்டு ஸ்டோர்மேன்:

சரியான கேள்வி, நானே எழுதணும்னு இருந்தேன். முப்பத்து நாலு வருஷம் வேற மாநிலத்துல ரெண்டு டிப்போல ஸ்டோர்ஸ் வேலை பார்த்தவன் நான். சேரும்போது 1923ம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினாங்க. அதனாலதான் உங்க அப்பாக்கள் யாரும் வீட்ல வேலையைப் பத்திப் பேசலை. பாசம் இல்லாம இல்லை, தம்பி. பழகிப் போச்சு. முதல்ல வேலையைப் பேசக் கூடாதுன்னு வாயை மூடுவோம். அப்புறம் வேற எதையும் பேச வராது.

இங்க எழுதினவரைக்கும் தப்பில்லை. பூஜை, சங்கு, வாளி, சைக்கிள், இதெல்லாம் குடும்பக் கதை. எந்த ஷெட்டு எங்க இருக்கு, இப்ப என்ன வருது போகுது, சுவர் எங்க தாழ்வு, அந்த மாதிரி விஷயத்தையோ போட்டோவையோ யாரும் போட வேண்டாம். பழசா இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிடறேன். ஃபாக்டரி வேற, டிப்போ வேற. ஃபாக்டரி செய்யும். டிப்போ வாங்கி, எண்ணி, கெடாம வச்சு, கேட்கிற யூனிட்டுக்கு அனுப்பும். 2021 அக்டோபர்ல படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைச்சு ஏழு கம்பெனி ஆக்கினாங்களே, அது ஃபாக்டரிகளுக்கு. எச்.வி.எஃப். இருக்கிற கம்பெனிக்கு ஆவடியேதான் தலைமையிடம். டிப்போ எல்லாம் ராணுவத்தோட ஆர்ட்னன்ஸ் கோர் கையில இருக்கு.

இப்ப சைடிங் வீட்டுத் தம்பிக்கு. நீங்க எழுதினதை ராத்திரி மூணு தடவை படிச்சேன். உங்கப்பா என்ன வேலை பார்த்தார்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்.

ஃபேன் பெல்ட்டு, ஹோஸு, சிவப்பு ஜன்னல். அது ரப்பர் ஸ்டோர் தம்பி. ரப்பருக்கு வெயில் ஆகாது. சூரிய வெளிச்சம் பட்டா வெடிப்பு விடும், விறைச்சுப் போகும். அதுக்குத்தான் கண்ணாடிக்கு சிவப்பு இல்லாட்டி ஆரஞ்சு பெயின்ட். அந்தக் கலர் ரப்பரைக் கெடுக்கிற வெளிச்சத்தை உள்ள விடாது. மோட்டார் ஓடுற ரூமுக்குப் பக்கத்துலகூட ரப்பர் வைக்க மாட்டோம், பொறியில வர்ற ஓசோன் காத்து அதைத் தின்னுடும். டியூபை ஆணியில மாட்டக் கூடாது, மடிச்ச இடத்துல அறுந்துடும். டயரை நாள் பார்த்துத் திருப்பி வைக்கணும், இல்லாட்டி ஒரே இடத்துல பாரம் தாங்கி சப்பையாயிடும்.

அந்த வெள்ளை மாவு ஃபிரெஞ்ச் சாக். டியூபு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்க அதைத் தூவித் துணியால தேய்ச்சு வைக்கணும். கையாலதான். ஒரு நாளைக்கு நூறு டியூபு பார்த்தா தலைமுடி வரைக்கும் வெள்ளையாயிடும்.

அட்டைக்குப் பேரு பின் கார்டு. வந்தது, போனது, இருக்கிறது. ரப்பர் சாமானுக்கு செஞ்ச தேதி ரொம்ப முக்கியம், அதுக்கு ஆயுசு உண்டு. பழசை முதல்ல அனுப்பணும், ஆயுசு முடிஞ்சதை ஒதுக்கணும். சோம்பேறி ஸ்டோர்மேன் கைக்கு எட்டினதை எடுத்துக் கொடுத்துடுவான். அப்புறம் எங்கேயோ மலை மேல ஒரு லாரியில ஃபேன் பெல்ட்டு அறுந்து, எஞ்சின் சூடாகி, பனியில இருபது பையனுங்க நிப்பாங்க. ஏன் அறுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அடித்தல் திருத்தல் இல்லாத கார்டுன்னு எழுதியிருக்கீங்களே, அப்படி ஒரு கார்டு வச்சிருந்த ஆளை என் சர்வீஸ்ல நாலு பேருக்கு மேல பார்த்ததில்லை.

வாளிக்கு அடி உருண்டையா இருக்கிறது, யாரும் குளிக்கவோ தண்ணி பிடிக்கவோ எடுத்துட்டுப் போகாம இருக்கத்தான். தீப்பிடிச்ச அன்னிக்கு அது அந்த இடத்துல இருக்கணும்ல.


எஸ்டேட் பொண்ணு:

ஐயா, "அப்புறம் வேற எதையும் பேச வராது"ன்னு எழுதினீங்களே, அதை எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். எண்பது வயசு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவரு நம்பர் வாங்கு"ன்னார். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கேன்.


சைடிங் வீடு:

ஐயா, உடனே பதில் எழுத முடியலை. மன்னிக்கணும்.

நீங்க எழுதினதை அம்மாகிட்ட படிச்சேன். டியூபு, மாவு வர்ற இடத்துல நிறுத்தச் சொன்னாங்க. திரும்பப் படின்னாங்க. படிச்சேன். அப்புறம் எழுந்து போய் பீரோவுல இருந்து அவரோட பழைய பேன்ட் ஒண்ணை எடுத்துட்டு வந்தாங்க. முட்டிக்கு மேல, தையல் ஓரத்துல, இன்னும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கு. எத்தனை தடவை துவைச்சும் போகாத இடம். "ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல"ன்னு பேன்ட்டைப் பார்த்துக் கேட்டாங்க.

சிவப்பு ஜன்னல் பூஜைக்கு இல்லைன்னு இப்பதான் எனக்கும் தெரியும். நாற்பது வருஷம் வேற மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பொண்ணு நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டா. முதல் பக்கத்துல டோக்கனை வச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்திருக்கா, நம்பர் தெளிவா விழுந்திருக்கு. அடுத்த பக்கத்துல மூணு கட்டம் போட்டு வச்சிருக்கா. வந்தது, போனது, இருக்கிறது. பின் கார்டுல மேல என்ன எழுதுவாங்க, கையெழுத்து எந்தப் பக்கம் வரும்னு உங்ககிட்ட கேட்கச் சொன்னா. வெறும் படிவம் எப்படி இருக்கும்னு மட்டும் சொன்னா போதும் ஐயா.


ரிட்டையர்டு ஸ்டோர்மேன்:

மேல சாமான் பேரு, அதுக்குக் கீழ பார்ட் நம்பர், வலது ஓரத்துல ரேக்கு எண். முதல் கட்டம் தேதி. கையெழுத்து கடைசிக் கட்டத்துல, சின்னதா. பேனாவுல எழுதச் சொல்லுங்க, பென்சில் கூடாது.